திரையைப் பூட்டினால் மட்டும் போதாது

பலர் மாறி மாறி உட்காரும் லினக்ஸ் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. லேபுக்குப் புதிதாக வருகிறவர்களை முதல் நாளே கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொல்வேன். டெஸ்க்டாப் மறைந்து, கறுப்புத் திரையில் ‘லாகின்’ என்று வந்து நிற்கும். மெஷின் போச்சு என்று சிலர் பதறுவார்கள். போகவில்லை, இன்னொரு கன்சோலுக்கு வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஸ்கிரீன் லாக் காப்பது நீங்கள் பூட்டிய அந்த ஒரு செஷனை மட்டுமே, மற்ற கன்சோல்களை அல்ல. கறுப்புத் திரையில் லாகின் செய்து, ‘ஸ்டார்ட்எக்ஸ்’ கொடுத்து டெஸ்க்டாப்பைத் திறக்கிறவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். பழைய அமைப்புகளில் டெஸ்க்டாப் எஃப்7-இல் ஓடும். அதைத் தொடங்கிய ஷெல் எஃப்1-இல் அப்படியே கிடக்கும். திரையைப் பூட்டிவிட்டு டீ குடிக்கப் போனால், பக்கத்து ஆள் எஃப்1-க்குப் போய் ஒரு கண்ட்ரோல்-சி தட்டினால் போதும். டெஸ்க்டாப் விழுந்து, போனவர் பெயரிலேயே ஷெல் கிடைத்துவிடும், பாஸ்வேர்டே கேட்காமல். முன்னால் ‘எக்ஸெக்’ சேர்த்து ‘எக்ஸெக் ஸ்டார்ட்எக்ஸ்’ என்று கொடுங்கள். டெஸ்க்டாப் விழுந்தாலும் மிஞ்சுவது லாகின் திரைதான். இப்போதைய பதிப்புகள் பெரும்பாலும் அதே கன்சோலிலேயே டெஸ்க்டாப்பை ஓட்டுகின்றன. இருந்தாலும் அது தானாகச் சரியும் நாளுக்கு இந்தப் பழக்கம் உதவும்.

‘விலாக்’ கட்டளையில் எல்லாக் கன்சோல்களையும் சேர்த்துப் பூட்டும் வசதியும் உண்டு. பொது மெஷினில் அது அநியாயம். மற்றவர்கள் எல்லாரும் வெளியே நிற்க வேண்டும்.

இனி அனுமதி விஷயம். கன்சோல் மாற்றும் ‘சிஹெச்விடி’ கட்டளையை எஸ்எஸ்ஹெச் வழியாக வந்த சாதாரணப் பயனர் கொடுத்தால் கன்சோலைத் திறக்க முடியவில்லை என்று கைவிரிக்கும். உடனே அதற்கு ரூட் உரிமையில் ஓடும் ‘செட்யுஐடி’ கொடுக்கச் சிலர் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். எங்கோ இருப்பவர் உங்கள் முன்னால் இருக்கும் திரையைத் தன் கன்சோலுக்குத் திருப்பி, அங்கே போலி லாகின் ஒன்றை ஓடவிட முடியும். உண்மையில் இந்தச் சலுகை தேவையே இல்லை. சிஸ்டம்டி உள்ள கணினிகளில் லாகின்டி இதைக் கவனித்துக்கொள்கிறது: மெஷின் முன் உட்கார்ந்து செயலில் இருப்பவருக்கு அனுமதி, மற்றவர்களிடம் நிர்வாகி பாஸ்வேர்டு.

கன்சோல் மாறும்போது மைக், கேமரா உரிமைகளும் கைமாறுகின்றன என்பது பலருக்குத் தெரியாது. யார் செஷன் செயலில் இருக்கிறதோ அவருக்கு மட்டும் லாகின்டி அந்தக் கருவிகளைத் திறந்துவிடும். சத்தம் வரவில்லை என்று எல்லாரையும் ‘ஆடியோ’ குழுவில் சேர்த்தால் இந்த ஏற்பாடே வீண். குழுவில் இருப்பவர் தொலைவில் இருந்தபடியே உங்கள் மைக்கில் பதிவு செய்யலாம். ‘வீடியோ’ குழுவும் கேமராவும் அப்படித்தான்.

உங்கள் கணினியில் இந்த இரண்டு குழுக்களிலும் யார் யார் இருக்கிறார்கள் என்று இன்றைக்கே பாருங்கள். தேவையில்லாத பெயர்களை எடுத்துவிடுங்கள்.