கத்திரி வெயிலும் வீட்டுக் கோபமும்



சித்திரை கடைசியில் "ஏன் இப்படி எரிஞ்சு விழறே?" என்ற பேச்சு பல வீடுகளில் கேட்கும். அது குணக்கேடு அல்ல. நன்றாகத் தூங்க உடற்சூடு சற்றுத் தணிய வேண்டும். புழுக்கமான இரவில் அது சரியாகத் தணிவதில்லை. தூக்கம் கெட்டால் கார்ட்டிசால் என்னும் ஹார்மோனின் ஒழுங்கும் குலையும்; சின்னப் பேச்சும் சுடும்.

அடுப்படியில் நிற்பவருக்கு இது இரட்டிப்பு. சமையலைக் காலையிலேயே முடியுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர் குடியுங்கள். பிள்ளைமேல் கை ஓங்குமுன் முகத்தைக் கழுவுங்கள்.

மனநலத்துக்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவரா? உடலில் நீர் வற்றினால் மருந்து இரத்தத்தில் கூடி நஞ்சாகலாம். கைநடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் கண்டால் அடுத்த மாத்திரைக்கு முன்பே டாக்டரைப் பாருங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் மனச்சோர்வு நீடித்தால் வெயில்மேல் பழி போடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள்.