முட்டையும் நிலாக்கலமும்

மாடியிலிருந்து விழும் கோழிமுட்டை கல்தரையிற் பட்டால் உடையும்; வைக்கோற் குவியலின்மேல் விழுந்தால் பெரும்பாலும் பிழைக்கும். இரண்டிடத்தும் விழும் வேகம் ஒன்றே. அவ்வேகம் அடங்கும் தூரத்திலேதான் வேறுபாடு உள்ளது. 5 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்த முட்டை 1 சென்டிமீட்டருக்குள் நின்றுவிடுமாயின், அதன் எடையைப்போல் ஏறத்தாழ 500 மடங்கு விசை அதனைத் தாக்கும். 10 சென்டிமீட்டர் அமிழ்ந்து நிற்குமாயின், அவ்விசை ஏறத்தாழ 50 மடங்காகக் குறையும். ஆதலின், முட்டைக்குக் கூடு அமைப்போர் இறுகிய சுவரை நாடுதல் கூடாது. தான் நசுங்கித் தன்னுள் இருப்பதைக் காக்கும் பொருளையே நாடுதல் வேண்டும்.

இவ்வுண்மை விளையாட்டிற்கு மட்டும் உரியதன்று. விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல், மேற்குத் தாம்பரத்திலுள்ள ஸ்ரீ சாய்ராம் பொறியியற் கல்லூரியில் இயந்திரப் பொறியியல் பயின்றார். பின்னர்ச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில், மின்னணுக் கருவிப் பெட்டிகளின் அதிர்வைத் தணிக்கும் முறையை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். சிற்றறை ஒன்றினுள் சிறு குண்டுகளை இட்டு வைத்தால், அவை ஒன்றோடொன்று மோதியும் உராய்ந்தும் அதிர்வின் ஆற்றலை வெப்பமாக மாற்றிவிடும், கருவி காக்கப்படும். இதுவே அம்முறையின் அடிப்படை.

2019 செப்டம்பரில், சந்திரயான்-2 கொண்டுசென்ற விக்ரம் என்னும் இறங்குகலம் உரியவாறு வேகம் தணியாமல் நிலவின் தரையில் மோதிச் சிதைந்தது. அடுத்த முயற்சியான சந்திரயான்-3 திட்டத்திற்கு வீரமுத்துவேல் இயக்குநரானார்.

நிலவிற் காற்று இல்லை. ஆகவே வான்குடை பயன்படாது. கலத்தின் பொறிகளே வேகத்தைக் குறைத்தல் வேண்டும். எஞ்சிய அதிர்ச்சியைக் கால்கள் ஏற்றல் வேண்டும். அக்கால்களினுள் தேனடைபோன்ற அலுமினிய அமைப்பு வைக்கப்பட்டது. அது நசுங்குந்தோறும் மோதலின் ஆற்றல் அடங்கும். நொடிக்கு 2 மீட்டர் வேகத்தைத் தாங்குமாறு முன்னர் அமைந்திருந்த கால்கள், 3 மீட்டர் வேகத்தையும் தாங்குமாறு வலுப்படுத்தப்பெற்றன. எரிபொருளும் மிகுதியாக நிரப்பப்பட்டது. நிலவின் மண்ணை ஒத்த தரையமைத்து, பல நிலைகளிற் கால்களை இறக்கிச் சோதித்தனர். ‘எவ்வெவ்வாறு தவறு நேரக்கூடும்?’ என்னும் வினாவே அவ்வமைப்பிற்கு வழிகாட்டியது.

2023 ஆகஸ்டு 23ஆம் நாள் மாலை 6 மணி 4 நிமிடத்திற்கு, கலம் நிலவின் தென்முனைப் பகுதியை அடுத்து ஊறின்றி இறங்கியது. இந்தியா நிலவில் மெல்ல இறங்கிய நான்காம் நாடாயிற்று.

உடைந்த முட்டையைக் கண்டு வருந்துவதோடு நிற்பவன் கூட்டைத் திருத்துவதில்லை. அஃது எங்கு, ஏன் உடைந்தது என ஆராய்பவனே அடுத்த முட்டையைக் காக்கிறான்.