பல்லில் சீழ்: ஆபத்தின் அறிகுறிகள்

பற்சொத்தை ஆழமாகிப் பல்லின் கூழை எட்டினால், கிருமிகள் வேர்நுனி வழியே தாடையெலும்பில் புகுந்து சீழை உண்டாக்குகின்றன. கூழ் இறந்தபின் வலி தணிவதுண்டு. அதனால் நோய் நீங்கிற்று என்று எண்ணலாகாது. கிருமிகள் உள்ளே பரவக்கூடும்.

கீழ்த்தாடையின் இரண்டாம், மூன்றாம் கடைவாய்ப் பற்கள் தனிக் கவனத்திற்குரியவை. அவற்றின் வேர்நுனிகள் பெரும்பாலும் வாயின் அடித்தளத் தசைக்குக் கீழே அமைந்திருப்பதால், சீழ் வாய்க்குள் உடையாமல் கழுத்தை நோக்கி இறங்கலாம். தாடையடி இருபுறமும் வீங்கி, நாக்கை உயர்த்தி, மூச்சுவழியை அடைக்கும் இந்நோயை ஜெர்மானிய மருத்துவர் லூத்விக் 1836-ஆம் ஆண்டில் விவரித்தார்.

கீழ்க்காணும் குறிகளுள் ஒன்று தென்பட்டாலும் நோயாளியை அன்றே மருத்துவமனைக்கு அனுப்புக:

1. காய்ச்சலுடன் முகவீக்கம்.
2. கண்ணை நோக்கியோ கழுத்தை நோக்கியோ பரவும் வீக்கம்.
3. வாயைத் திறக்க இயலாமை.

விழுங்க முடியாமல் எச்சில் வடிதல், நாக்கு மேலெழும்புதல், குரல் மாறுதல், மூச்சுத் திணறல் ஆகியவை உயிருக்கு ஆபத்தைக் காட்டுவன. இவற்றைக் கண்டால் சிறிதும் தாமதிக்கலாகாது. நோயாளியைப் படுக்கவைக்காமல், உட்கார்ந்த நிலையிலேயே கொண்டுசெல்லுக. நீரிழிவு உள்ளவரிடம் இந்நோய் விரைந்து முற்றக்கூடும்.

வீங்கிய கன்னத்திற்கு வெந்நீர் ஒத்தடம் இடுவதும், கடையில் மாத்திரை வாங்கித் தின்று காத்திருப்பதும் தகா. சீழை வெளியேற்றி, பழுதுற்ற பல்லுக்குச் சிகிச்சை செய்யாமல் மருந்தொன்றே போதாது.

பல்வலிக்காரரிடம் “வலி எப்படி?” என்று மட்டும் கேளாமல், “வாயைத் திறக்க முடிகிறதா? எச்சிலை விழுங்க முடிகிறதா?” என்றும் கேட்பதை ஊழியரும் ஆசிரியரும் வழக்கமாகக் கொள்ளுதல் நலம்.