முளைப்பெட்டி: விதையைக் குறை சொல்லுமுன் சூட்டைப் பாருங்கள்

மலைநாட்டில் விதைக் கடை நடத்துபவர்களுக்கு ஜனவரி, பெப்ரவரி மாதங்கள் சோதனையான மாதங்கள். மிளகாய் விதையும் கறிமிளகாய் விதையும் வாங்கிச் சென்ற விவசாயி இரண்டு வாரம் கழித்துக் கடை வாசலில் வந்து நிற்பார். "நானா, நீங்க தந்த விதை ஒண்டும் முளைக்கல்லையே, பழைய விதையா?" என்று கேட்பார். நாம் பக்கற்றைத் திருப்பித் திகதியைக் காட்டுவோம். அவர் நம்பமாட்டார். அடுத்த போகத்துக்கு அவர் வேறு கடைக்குப் போய்விடுவார்.

இந்தப் பிரச்சினை எனக்கும் நேர்ந்தது. ஒரு வாடிக்கையாளருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்த பின்னர், அதே பக்கற்றில் மீதியிருந்த விதையை ஈரக் கடதாசியில் சுற்றி வீட்டு அடுப்படியில் வைத்துப் பார்த்தேன். பத்து நாட்களுக்குள் பெரும்பாலானவை முளைத்துவிட்டன. விதையில் குறையில்லை. குறை குளிரில் இருந்தது. அன்றுதான் முளைப்பெட்டி ஒன்றைச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் வந்தது.

சூட்டின் கணக்கு

கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஹரிங்டன் தொகுத்த அட்டவணையொன்று விவசாய உலகில் பிரபலமானது. அதன்படி மிளகாய் இன விதைகள் முளைத்து வெளிவர 15 பாகை செல்சியஸில் சுமார் 25 நாட்கள் எடுக்கின்றன. 20 பாகையில் 12 அல்லது 13 நாட்களும், 25 முதல் 30 பாகை வரையில் சுமார் 8 நாட்களும் போதும். தக்காளிக்கு 15 பாகையில் சுமார் 14 நாட்கள், 25 பாகையில் 6 நாட்கள்.

நுவரெலியாவின் வருடாந்த சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகைதான். ஆகவே அங்கு திறந்த வெளியில் மிளகாய் நாற்றுப் போடுபவர் மூன்று வாரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். அவ்வளவு நாள் ஈர மண்ணில் கிடக்கும் விதை அழுகுவதற்கும் வாய்ப்பு அதிகம். வியாபாரப் பாஷையில் சொன்னால், ஒரே இறாக்கையில் மாதம் ஒரு தடவை மட்டும் சரக்குச் சுழல்கிறது. பெட்டிக்குள் வைத்தால் அதே இடத்தில் மூன்று தடவை சுழலும்.

பெட்டி செய்யும் முறை

1. கம்பிரசர் பழுதடைந்த பழைய குளிர்சாதனப் பெட்டி ஒன்றே இதற்கு மிகப் பொருத்தமானது. குளிரை வெளியே விடாத சுவர் சூட்டையும் வெளியே விடாது. கதவில் கொளுவிப் பூட்டு இருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள். சிறுவர்கள் உள்ளே அகப்பட்டு மூச்சடைக்கும் ஆபத்து உண்டு. சுவரில் துளையிட வேண்டாம், உள்ளே வாயுக் குழாய்கள் ஓடுகின்றன. பின்புறம் உருகிய நீர் வடியும் துவாரம் வழியாகவே வயரை எடுக்கலாம்.

2. அடித்தட்டில் செங்கல் ஒன்றை வைத்து, அதன்மேல் பீங்கான் ஹோல்டரில் 40 வாட் இழை மின்குமிழ்கள் இரண்டைப் பொருத்துங்கள். ஒன்று எரிந்து போனாலும் மற்றது வேலை செய்யும். எல்.ஈ.டி. குமிழ் இதற்கு உதவாது, அதில் போதிய சூடு வராது. குமிழ் பிளாஸ்டிக் சுவரிலிருந்து அரை அடியாவது தள்ளியிருக்க வேண்டும். மேலே ஒரு தகரத்தை மறைப்பாக வைத்தால் கீழ்த் தட்டு கருகாது.

3. குமிழுக்குத் தெறிக்காத தூரத்தில் அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் வையுங்கள். உள்ளே ஈரப்பதன் இருக்கும்.

4. கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டிகளுக்கு விற்கப்படும் தேமோஸ்டற் இதற்குப் போதும். ஆனால் முட்டைக்கு வைக்கும் 37.5 பாகையில் விட்டுவிடாதீர்கள். 28 பாகைக்கு மாற்றுங்கள். 40 பாகையில் மிளகாய் முளைப்பதேயில்லை என்று அதே அட்டவணை சொல்கிறது. உணரியை நடுத்தட்டின் உயரத்தில் தொங்கவிட வேண்டும். கணினியில் இருக்கும் சிறு விசிறி ஒன்று காற்றைக் கலக்கினால் மேலும் கீழும் சூடு ஒரே மாதிரி இருக்கும்.

5. தண்ணீரும் மின்சாரமும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால் எர்த் வயரும் ட்ரிப் சுவிட்ச்சும் கட்டாயம். இந்த வேலையை எலக்ட்ரீஷியனிடமே கொடுங்கள். பின்னர் ஒரு நாள் முழுவதும் வெறும் பெட்டியை இயக்கி, வெப்பமானியை ஒவ்வொரு தட்டிலும் வைத்துப் பார்த்த பிறகே விதையை வையுங்கள்.

பாவிக்கும் முறை

தட்டுகளைக் கழுவிக் காயவைத்து, தும்புச்சோறு நிரப்பி, விதையிட்டு, ஈரமாக்கி உள்ளே வையுங்கள். மிளகாய், தக்காளி, கத்தரி ஆகியவை முளைப்பதற்கு வெளிச்சம் தேவையில்லை. ஆனால் காலை மாலை இரு நேரமும் திறந்து பார்க்க வேண்டும். முதல் முளைகள் தலைகாட்டியவுடன் தட்டை வெளிச்சத்துக்கு எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் கடைக்கு வராமல் இருந்ததில் இரண்டு தட்டு நாற்று நூல் போல நீண்டு எனக்கு வீணாகியது. வெளியே எடுத்த நாற்றை இரவில் பொலித்தீனால் மூடிக் குளிரிலிருந்து காப்பதும் அவசியம்.

சலாது விதையை இதற்குள் வைக்க வேண்டாம். அதிக சூட்டில் அது உறங்கிவிடும். கோவா, லீக்ஸ், கரட் போன்றவை குளிரிலேயே முளைக்கக் கூடியவை. அவற்றுக்குச் செலவு தேவையில்லை.

செலவும் வரவும்

80 வாட் குமிழ்கள் நாளொன்றுக்கு 12 மணித்தியாலம் எரிந்தால் செலவு ஏறக்குறைய 1 அலகு, மாதம் 30 அலகு. வீட்டு மீற்றரில் இணைப்பவர்கள் அந்த 30 அலகு தங்களை அடுத்த கட்டணப் படிக்குத் தள்ளுகிறதா என்று பட்டியலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 2022 இல் நீண்ட மின்வெட்டுகளைக் கண்டோம். அப்படியான நேரத்தில் சுடுநீர் நிரப்பிய போத்தல்கள் சிலவற்றை அடித்தட்டில் வைத்துக் கதவைத் திறக்காமல் விட்டால் சில மணித்தியாலங்கள் சமாளிக்கலாம்.

வரவைப் பாருங்கள். 1,000 நாற்று தேவைப்படுபவர், பாதி முளைக்கும் என்றால் 2,000 விதை வாங்க வேண்டும். நூற்றுக்கு 80 முளைத்தால் 1,250 போதும். மிஞ்சுவது 750 விதை. கலப்பின விதையின் விலை தெரிந்தவர்களுக்கு இதன் பெறுமதியும் தெரியும்.

விதை விற்பவருக்கு இதைவிடப் பெரிய நன்மை ஒன்றுண்டு. புதிய சரக்கு வந்தவுடன் 100 விதையை எண்ணி ஈரக் கடதாசியில் சுற்றிப் பெட்டியில் வையுங்கள். முளைத்தவற்றை எண்ணித் திகதியுடன் கொப்பியில் எழுதுங்கள். குறைவாக முளைத்த சரக்கை விற்காமல் திருப்பி அனுப்புங்கள். நல்ல சரக்காக இருந்தால் வாங்குபவரிடம், "இது என்னிடம் நூற்றுக்கு இத்தனை முளைத்தது, ஆனால் சூட்டில் வைத்தேன், நீங்களும் சூடாக வையுங்கள்" என்று சொல்லி விற்கலாம்.

பழைய பெட்டியும் இரண்டு குமிழும் நம்மைச் செல்வந்தராக்கிவிடப் போவதில்லை. ஆனால் கடை வாசலில் வந்து நிற்கும் விவசாயிக்கு முன்னால், கொப்பியைத் திறந்து காட்டிப் பதில் சொல்லக்கூடிய வியாபாரியாக நம்மை வைத்திருக்கும்.