நான்கு விடைகளுள் ஒன்று

சேத்தியாத்தோப்பு வட்டாரத்திலே வெள்ளாற்று அணைக்கட்டை நம்பி நெல்லும் கரும்பும் பயிரிடும் குடும்பங்களில், பத்தாம் வகுப்புத் தேறிய மகனோ மகளோ கிராம நிர்வாக அலுவலர் உத்தியோகத்தை நாடுவது இயல்பு. இளநிலை உதவியாளர், தட்டச்சர் பதவிகளோடு சேர்த்து இதற்கும் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் தொகுதி 4 தேர்வை நடத்துகிறது. மூன்று மணி நேரம், 200 வினாக்கள், 300 மதிப்பெண்கள். இவற்றுள் 100 வினாக்கள் தமிழ்ப் பாடத்தில் கேட்கப்படுவன. அப்பகுதியில் 150க்கு 60 மதிப்பெண் பெறாதவரின் மறுபாதி விடைகள் மதிப்பிடப்படுவதே இல்லை. கணக்கிலே எவ்வளவு வல்லவராயினும் பயனில்லை. நாற்பது சரியான விடைகள் வாயிற்படி. வேலை கிடைக்க அதனினும் மிகுதியாக வேண்டும். தாய்மொழிதானே என்று அசட்டையாய் இருப்போர் இவ்விடத்தில்தான் இடறுகின்றனர்.

ஒவ்வொரு வினாவுக்கும் நான்கு விடைகள் அச்சிட்டிருக்கும். சரியானதைத் தேடுமுன் தவறானவற்றைத் தள்ளுதல் நலம். விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலில் சூளையிலிருந்து எடுத்தவற்றுள் விரிசல் கண்டதை முதலில் ஒதுக்குகிறார்கள் அல்லவா? அவ்வாறே இதையும் செய்ய வேண்டும். எட்டுத்தொகை நூல் எது என்று கேட்டு, முல்லைப்பாட்டு, பதிற்றுப்பத்து, நெடுநல்வாடை, மலைபடுகடாம் எனக் கொடுத்தால், 'பத்து' என்னும் சொல்லைக் கண்டு பதிற்றுப்பத்தைப் பத்துப்பாட்டில் சேர்த்துவிடுவோர் உண்டு. மற்ற மூன்றும் பத்துப்பாட்டைச் சார்ந்தவை என்று அறிந்தவர் ஏமாறமாட்டார்.

பொருத்துக என்னும் வினாவில் நான்கு இணைகளையும் அறிந்திருக்க வேண்டுவதில்லை. மணிமேகலைக்குச் சீத்தலைச் சாத்தனார் என்பது உறுதியானால், அவ்விணை இல்லாத வரிசைகளை உடனே அடித்துவிடலாம். சீவக சிந்தாமணிக்குத் திருத்தக்க தேவர் என்பதும் தெரிந்தால் பெரும்பாலும் ஒரு வரிசையே மிஞ்சும்.

பதினெண்கீழ்க்கணக்கில் மாணவர் குழம்பும் மூன்று நூல்கள், விவசாயி வீட்டுப் பிள்ளைகளுக்கு எளியவை. திரிகடுகம் என்பது சுக்கு, மிளகு, திப்பிலி என்னும் மூன்று மருந்துச் சரக்குகள். சிறுபஞ்சமூலம் ஐந்து வேர்கள்; அவற்றுள் கண்டங்கத்திரியும் நெருஞ்சியும் வரப்போரம் நாம் மிதித்து நடப்பவை. ஏலாதி ஏலத்தை முதலாகக் கொண்ட ஆறு சரக்குகள். மூன்று, ஐந்து, ஆறு என்று எண்ணை நினைவிற்கொண்டால், ஒவ்வொரு பாடலிலும் அத்தனை கருத்துகள் கூறப்படும் என்பதும் கூடவே வரும். நல்லாதனார், காரியாசான், கணிமேதாவியார் என ஆசிரியர் பெயர்களை அதே வரிசையில் சொல்லிப் பழகலாம். பாட்டி கஷாயம் காய்ச்சும்போதே படித்துக்கொள்ளத்தக்க பாடம் இது!

ஆண்டுகளையும் காரணத்தோடு நினைவில் வைத்தல் வேண்டும். நம் கடலூர் மாவட்டத்து மருதூரில் 1823இல் பிறந்த வள்ளலார், வடலூரில் 1867இல் சத்திய தருமச்சாலையையும், 1872இல் சத்திய ஞானசபையையும் நிறுவினார். பசியாற்றும் சாலை முந்தியது. வழிபாட்டுச் சபை பிந்தியது. இவ்வரிசை மனத்திலிருந்தால் ஆண்டுகள் மாறிப்போகா.

'தவறானது எது', 'பொருந்தாதது எது' என்னும் சொற்களின் கீழே கோடிட்டபின் விடைகளைப் பார்க்கவும். நன்கு தெரிந்த பிள்ளைகளே அவசரத்தில் இங்கு மதிப்பெண் இழக்கின்றனர்.

விடை தெரியாதபோது நிரப்புவதற்கென ஐந்தாவது வட்டம் ஒன்று உண்டு. ஆயினும் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. ஆகையால் இரண்டைத் தள்ளிய பின்னும் ஐயம் இருந்தால், மீதி இரண்டில் ஒன்றைத் தேர்வதே லாபம்.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் ஒரு காரியம் செய்யலாம். ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரையுள்ள தமிழ்ப் பாடநூல்கள், படித்து முடித்த பிள்ளைகளின் வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. அவற்றைத் திரட்டி ஊர் நூலகத்தில் வைத்து, மாலை வேளைகளில் விளக்கும் இருக்கையும் கிடைக்கச் செய்யலாம். ஞாயிறுதோறும் காலையில் கடிகாரத்தை முன்வைத்து முந்தைய வினாத்தாள் ஒன்றை எழுதச் சொல்லலாம். வட்டங்களைக் கறுப்பு மைப் பேனாவால் நிரப்பும் பழக்கமும் அப்போதே கைக்கு வந்துவிடும்.