காட்டுக் குதிரைகளுக்காக ஒரு பெண்



"நாம ஒரு ஆள், நம்மால என்ன ஆகும்?" என்று அடிக்கடி சொல்லிக்கொள்கிறோம். இந்தப் பாடத்தில் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் வாழ்ந்த வெல்மா ஜோன்ஸ்டன் என்ற பெண்ணைப் பற்றிப் பார்ப்போம்.

வெல்மா 1912-ல் பிறந்தவர். சிறு வயதில் போலியோ நோய் வந்து அவருடைய உடம்பையும் முகத்தையும் கெடுத்துவிட்டது. ரீனோ நகரில் ஒரு காப்புறுதிக் கந்தோரில் செயலாளராக வேலை செய்தார்.

1950-ல் ஒருநாள் வேலைக்குப் போகும் வழியில், முன்னால் போன லொறியிலிருந்து இரத்தம் ஒழுகுவதைக் கண்டார். பின்னாலேயே போய்ப் பார்த்தார். உள்ளே காயம்பட்ட காட்டுக் குதிரைகள்! விமானத்தாலும் வாகனங்களாலும் துரத்திப் பிடித்து, நாய், பூனைகளுக்குத் தீனி செய்வதற்காக இறைச்சிக்கு அனுப்பி வந்தார்கள்.

வெல்மா அழுதுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. விபரம் சேர்த்தார், ஆட்களைச் சேர்த்தார், பெட்டிசம் எழுதினார். எதிரிகள் கேலியாக "காட்டுக் குதிரை ஆனி" என்று பட்டம் வைத்தார்கள். அவரோ அதையே தன் பெயராக்கிக்கொண்டார்.

அவர் ஏறிய படிகளைக் கவனியுங்கள்:

1. 1952: தான் வாழ்ந்த ஸ்டோரி மாவட்டத்தில் விமானத்தால் குதிரை பிடிப்பதற்குத் தடை.

2. 1955: நெவாடா மாநிலச் சட்டம். ஆனால் அங்கே பெரும்பகுதி நிலம் மத்திய அரசுக்குரியது. அந்த நிலத்தில் இச்சட்டம் செல்லவில்லை.

3. 1959: ஆகவே வாஷிங்டன் போய், சட்டமியற்றும் சபையின் குழு முன் சாட்சி சொன்னார். பொது நிலத்தில் வாகனத்தால் துரத்துவதும், குதிரைகளைப் பிடிக்கவோ கொல்லவோ நீர்நிலையில் நஞ்சு கலப்பதும் தடையாகின.

4. 1971: பாடசாலைப் பிள்ளைகளும் கடிதம் கடிதமாக எழுதினார்கள். காட்டுக் குதிரைகளைக் காக்கும் முழுச் சட்டத்தில் ஜனாதிபதி நிக்சன் கையெழுத்திட்டார்.

இதற்கு இருபத்தொரு வருசம் பிடித்தது. வெல்மா 1977-ல் காலமானார்.

சட்டம் வந்தால் வேலை முடிந்ததா? இல்லை. 2004-ல் வந்த ஒரு திருத்தம், பிடித்து வைத்த குதிரைகளில் வயதானவற்றையும், மூன்று முறை யாரும் வளர்க்க எடுக்காதவற்றையும் நிபந்தனையின்றி விற்க இடம் கொடுத்தது. மேய்ச்சல் நிலம் போதவில்லை என்ற வாதமும் இன்றுவரை ஓயவில்லை. வாங்கிய சட்டத்தைக் காவல் காக்கவும் ஆள் வேண்டும்.

கூடிப் பேசுவோம்:
• வெல்மா ஏன் முதலில் தன் மாவட்டத்திலேயே தொடங்கினார்?
• 1955-ன் சட்டம் ஏன் போதவில்லை?
• கேலிப் பெயர் வைத்தால் நாம் என்ன செய்வோம்?