மறதிக்குச் சாப்பாட்டில் மருந்து உண்டா?

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது. சுத்த சைவம். அடுப்பில் பால் வைத்ததையே மறந்துவிடுகிறார். கால் மரத்துப்போகிறது என்கிறார். தினமும் வல்லாரையும் வால்நட்டும் கொடுத்தால் சரியாகிவிடுமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: தாராளமாகக் கொடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். கீரை, பயறு, கொட்டைகள் மிகுந்த, இனிப்பும் பொரித்ததும் குறைந்த 'மைண்ட்' உணவுமுறையைக் கடைப்பிடித்தவர்களுக்கு அல்சைமர் குறைவாக வந்ததாக 2015இல் சிகாகோ ஆய்வாளர்கள் சொன்னார்கள். அதையே 604 பேரிடம் 3 ஆண்டுகள் சோதித்து 2023இல் வெளியிட்டபோது, வழக்கமான உணவையே அளவு குறைத்துச் சாப்பிட்டவர்களைவிடப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

அம்மா விஷயத்தில் முதலில் சந்தேகிக்க வேண்டியது வைட்டமின் பி12 குறைபாட்டை. அது கீரையிலோ காய்கறியிலோ கிடைக்காது. சைவர்களுக்குப் பாலும் தயிரும்தான் வழி. வயதானால் வயிற்றில் அமிலம் சுரப்பது குறைந்து, உள்ளே போவதும் உடலில் சரியாகச் சேராது. சர்க்கரைக்கு நீண்டகாலம் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கும் பி12 குறையலாம். மறதி, கால் மரத்தல் இரண்டுமே இதன் அறிகுறிகள். சீக்கிரம் கண்டுபிடித்தால் ஊசியிலோ மாத்திரையிலோ தேற வாய்ப்பு அதிகம். தள்ளிப்போட்டால் நரம்புச் சேதம் நிலைத்துவிடலாம். இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துப்போய் பி12, தைராய்டு, சர்க்கரை மூன்றுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.